நான் அழிக்க வைத்த பீர்க்கம்பூ

2012-ஆம் வருடம், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். அப்போது நான் ஒரகடத்தில், வண்டிகளுக்கு முகப்பு விளக்கு செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவள். ஸ்ரீபெரும்புதூரில் பெண்கள் ஹாஸ்டல், ஆறு பேருக்கு ஒரு அறை. விடியும் முன் கம்பெனி பஸ் ஏறினால் எட்டரை மணி நேரம் நின்றபடி ஸ்க்ரூ முடுக்கிவிட்டு, மத்தியானம் அதே பஸ்ஸில் திரும்புவேன். இந்த ஓட்டத்தில் எனக்கென்று இருந்த ஒரே கிறுக்கு, பூக்களைப் படம் எடுப்பது.

கேமரா என்று பெரிதாக எதுவும் கிடையாது. அந்த வருடம் மாசியில் வாங்கிய டச் போன்தான். ஹாஸ்டல் வாசலில் இருந்த செம்பருத்தி, டீக்கடைக்காரர் டப்பாவில் வளர்த்த பட்டன் ரோஜா, பஸ் நிற்கிற இடத்து அரளி, எதையும் விட்டுவைக்க மாட்டேன். எடுத்ததைப் புளூடூத்தில் தோழிகளுக்கு அனுப்புவேன். "ஏட்டி, கனவுல வாற பூ மாதிரி இருக்கு" என்பார்கள். என் படங்களில் எப்போதும் ஒரு மென்மையான பனிமூட்டம் இருக்கும். நான் திட்டமிட்டு அப்படி எடுத்ததில்லை. ஆனால் எல்லோரும் புகழப் புகழ, அது என் கைவண்ணம் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். மனுஷிக்குத் தலைகால் புரியாமல் போவதற்கு நாலு பாராட்டு போதும்.

எங்கள் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோகலாம், ஆனால் படம் எடுக்கக் கூடாது. அதனால் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி அக்கா தினமும் கேமராவின் கண்ணாடி மேல் ஒரு வட்ட ஸ்டிக்கரை வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி விடுவார். வெளியே வரும்போது அது கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். பஸ் ஏறியதும் நாங்கள் நகத்தால் சுரண்டி எடுத்துப் போட்டுவிடுவோம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரி வல்லக்கோட்டைப் பெண். என்னைவிட ஒரு வயது சின்னவள். லைன் முடிகிற இடத்தில் வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழே நின்று, விளக்கின் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. கீறல், புகை படிந்த மாதிரி மங்கல், தூசி, எது இருந்தாலும் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவாள். ஒதுக்கினதை அரைக்கிற மெஷினில் போட்டுவிடுவார்கள். நாங்கள் மாங்கு மாங்கென்று பூட்டி அனுப்பியதை அவள் ஒரு வட்டத்தில் முடித்துவிடுவாள் என்பதால் எங்கள் லைனில் அவளுக்குப் "பூதக்கண்ணாடி" என்று பெயர் வைத்திருந்தோம். அவளுக்கும் அது தெரியும். "வச்சது தான் வச்சீங்க, நல்ல பேரா வச்சிக்கிறீங்க" என்று சிரிப்பாள்.

முதல் மாதம் அவள் பேசியது எனக்குப் பாதி புரியவில்லை, நான் பேசியது அவளுக்கு முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் அவளுக்கும் பூக்களைப் படம் எடுக்கிற கிறுக்கு இருந்தது. அதனால் ஒட்டிக்கொண்டோம். அவளுடைய போன் பழசு, அதில் இடமும் குறைவு. எடுத்ததைப் பார்த்து, தேறாது என்று தோன்றினால் அங்கேயே அழித்துவிடுவாள். நானோ எதையும் அழிக்க மாட்டேன். என் போனில் எட்டு மாதப் பூக்கள் அடைந்து கிடந்தன.

அப்போதுதான் கேன்டீன் போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த வருடக் கம்பெனி காலண்டருக்கு, ஊழியர்கள் எடுத்த பூ படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து அச்சடிப்பார்களாம். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரும் வரும். கடைசி நாள் அடுத்த புதன்கிழமை.

பெயர் வரும் என்ற வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். லைனில் நாங்கள் எல்லோரும் டோக்கன் நம்பர்தான். சூப்பர்வைசர் கூப்பிடுவது நம்பரைச் சொல்லி, சாப்பாட்டுக் கூப்பனில் இருப்பதும் நம்பர். என் பெயர் அச்சில் வந்து, அதை அம்மா ஊரில் மாட்டி, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவதை நான் கேன்டீனில் நின்றபடியே பார்த்துவிட்டேன். அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்து, "எம் பேரு காலண்டர்ல வரப் போவுதும்மா" என்று சொல்லியும் விட்டேன். போட்டியில் சேர்வதற்கு முன்பே!

வெள்ளிக்கிழமை மத்தியானம், திரும்பி வரும் பஸ்ஸில், நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த நாலு படங்களையும் பூதக்கண்ணாடியிடம் காட்டினேன். பாராட்டு வாங்கத்தான் காட்டினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவள் போனை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை.

"நாலும் ஓகே இல்லடி" என்றாள்.

நான் சிரித்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னாடி, எல்லாத்துலயும் பொக மாதிரி கீது? பூ மேல பொக இர்ந்தா பரவால்ல, செவுத்து மேலயும் கீது, ஆகாசத்து மேலயும் கீது. நாலுலயும் ஒரே எடத்துல வேற கீது. நாலு பீஸ்ல ஒரே எடத்துல மார்க் இர்ந்தா தப்பு பீஸ்ல இல்ல, அத வார்க்கற மோல்டுல. உன் கேமரா கண்ணாடி மேல ஸ்டிக்கர் கம்மு ஒட்டிக்கினு கீதுன்னு நெனைக்கிறேன். தேங்கா எண்ண தொட்டுத் தொடச்சிப் பாரு, நான் தெனம் அப்டித்தான் பண்றேன்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் அதோடு நிறுத்தவில்லை.

"அப்பறம் இந்தச் செம்பருத்தி மேல தண்ணி நீதான தெளிச்சே? நெழலப் பாரு, காலடிலயே கீது. மட்ட மத்தியானத்துல ஏதுடி பனி?"

அது உண்மைதான். ஹாஸ்டலில் இஸ்திரி போடும்போது தெளிக்கிற தண்ணீர் பாட்டிலால் நான்தான் தெளித்தேன். அதைப் "பனித்துளி" என்று பெயர் போட்டு அனுப்பி, அதற்கும் பாராட்டு வாங்கியிருந்தேன். முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எனக்கு எப்போதும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

"நான் வேணும்னுதாம்ட்டி அப்படி எடுக்கேன். ஒனக்குக் கண்ணாடி பாக்கத்தான் தெரியும், படம் பாக்கத் தெரியாது" என்றேன்.

"வேணும்னு எட்த்தியா? அப்ப சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. லைனில் ஒரு கண்ணாடியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கும்போது எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். "சரி, என்னுது ஒன்னு பாரு. நேத்து சாயங்காலம் எட்த்தேன். இதத்தான் குட்க்கலாம்னு கீறேன்" என்று தன் போனை நீட்டினாள்.

அந்தப் படத்தை இன்றைக்கும் என்னால் ஒரு அங்குலம் விடாமல் சொல்ல முடியும். அவர்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு காலி இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி. அதில் தானாகப் படர்ந்த பீர்க்கங்கொடி. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். மழைக்குப் பிறகு வானம் கருநீலமாக இருக்க, அந்த மஞ்சள் பூ கம்பியின் ஒரு கண்ணிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. தூரத்தில் ஒரு கம்பெனி பஸ் வந்துகொண்டிருக்கிறது. அதன் இரண்டு விளக்குகளும் கலங்கி, வட்ட வட்டமாக, பூவின் அதே மஞ்சளில். இதழின் ஓரத்தில் நிஜமான மழைத்துளி ஒன்று, விழலாமா வேண்டாமா என்று தொங்குகிறது. நாங்கள் பூட்டி அனுப்புகிற விளக்கும் வேலியில் பூத்த பூவும் ஒரே படத்தில். நாளெல்லாம் விளக்குக் கண்ணாடியைப் பார்க்கிற ஒருத்திதான் அப்படி எடுத்திருக்க முடியும்.

வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, பொறாமைதான். இந்தப் படம் போனால் முதல் பக்கமே இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் என்னைச் சொன்ன வார்த்தைகள் வேறு காதுக்குள்ளேயே இருந்தன.

"பூ போட்டோவுல பஸ் எதுக்குட்டி? லைட்டு கண்ணக் கூசுது. பூவு ஒரு ஓரத்துல கெடக்கு. இது தேறாது" என்றேன்.

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். "மெய்யாலுமா?"

"மெய்யாத்தான் சொல்லுதேன்."

"எனக்கு அந்த லைட்டு தான் புடிச்சிச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, "நாம எட்த்தது நமக்கு எப்பவும் நல்லாத்தான் தெரியும், இல்ல?" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலை திரையின் ஓரத்தில் இருந்த குப்பைத்தொட்டிக் குறியின் மேல் வைத்தாள். அழிக்கலாமா என்று போன் கேட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. ஆனால் திறக்கவில்லை. அவள் ஆமாம் என்று அழுத்தினாள். அடுத்த நிறுத்தத்தில் வழக்கம்போல "வர்ட்டாடி" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

ஹாஸ்டலுக்கு வந்தும் கோபம் தணியவில்லை. அவள் சொன்னது தப்பு என்று நிரூபித்தால்தான் தூக்கம் வரும் போல இருந்தது. எங்கள் அறையில் ஒரு கடலூர்ப் பெண் இருந்தாள். அவள் வேலை பார்த்த கம்பெனியில் போனை லாக்கரிலேயே வைத்துவிட வேண்டும், ஸ்டிக்கர் கிடையாது. அறையில் மற்ற எல்லோரும் எங்கள் கம்பெனிதான். அவளுடைய போனை வாங்கிக்கொண்டு போய், வாசல் செம்பருத்தியை அதிலும் எடுத்தேன், என்னுடையதிலும் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவள் போனில் மகரந்தத் தண்டில் ஒட்டியிருந்த பொடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. என்னுடையதில் செம்பருத்தி, கஞ்சித் தண்ணீருக்குள் விழுந்தது போல் இருந்தது.

பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு என் கேமராவின் கண்ணாடியைத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. இன்னொரு பஞ்சு, அதுவும் கறுப்பு. எட்டு மாத ஸ்டிக்கர் பசை. பழைய துணியால் துடைத்துவிட்டு எடுத்தால், படம் பளிச்சென்று வந்தது. எங்கள் கம்பெனிப் பெண்கள் எல்லோருடைய போனும் ஒரே கேட் வழியாகத்தான் போய் வந்தது, பூதக்கண்ணாடியைத் தவிர எல்லோருடைய படத்திலும் அதே மூட்டம்தான். அதனால்தான் ஒருத்திக்கும் தெரியவில்லை. செக்யூரிட்டி அக்காவின் கட்டைவிரல் செய்த வேலைக்கு நான் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். எட்டு மாதப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

என் படங்கள் போனதில் அழுதேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த அழுகை வேறு பக்கம் திரும்பிவிட்டது. பூதக்கண்ணாடி என்னிடம் உண்மையைச் சொன்னாள், அதைச் சரி செய்கிற வழியையும் சொன்னாள். நான் அவளிடம் என்ன சொன்னேன்?

சனிக்கிழமை பஸ்ஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவளோ ஏறியதுமே உற்சாகமாகப் போனை நீட்டினாள். "நீ சொன்ன மாதிரியே நேத்து சாயங்காலம் பஸ் வர்றதுக்கு முன்னாடி போயி, பூவ மட்டும் கிட்டக்க எட்த்தேன்டி. இப்ப எப்டி கீது?"

பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி, நடுவில் ஒரு மஞ்சள் பூ. அதில் அவளே இல்லை. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "நல்லாருக்கு" என்றேன். நேற்று நல்லதைக் கெட்டது என்றேன், இன்றைக்குச் சுமாரானதை நல்லது என்கிறேன். அன்று முழுக்க லைனில் எனக்குக் கை ஓடவில்லை. நான் பூட்டிய பீஸ்கள் அடுத்தடுத்து அவளிடம் போய்க்கொண்டிருந்தன. அவள் ஒவ்வொன்றையும் தூக்கி, சாய்த்து, நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. முருகன் கோயிலுக்குப் போகிறேன் என்று அறையில் சொல்லிவிட்டு வல்லக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். முருகனை அன்றைக்கு நான் பார்க்கவில்லை. நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வாசல் குழாயடியில் உட்கார்ந்து யூனிஃபார்மின் காலரைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னாடி இது, ஞாயித்துக்கெழமையும் இந்த மூஞ்சியப் பாக்கணுமா?" என்று சிரித்தாள்.

உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். பசை உண்மை, தண்ணீர் தெளித்தது உண்மை, அவள் படத்தைப் பற்றி நான் சொன்னது மட்டும் பொய் என்று. பொறாமையில் சொன்னேன் என்றும் சொன்னேன். நேற்று "நல்லாருக்கு" என்றதும் பொய் என்று சொன்னேன்.

அவள் நிமிரவில்லை. காலரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப அது நல்லா இர்ந்துச்சா?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு."

"எவ்ளோ நல்லா?"

"நான் பாத்த பூ படத்துலயே அதுதாம்ட்டி நல்ல படம்" என்றேன்.

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "இத அப்பவே சொல்லி இர்க்கலாம் இல்ல? உன்ன நம்பித்தானடி அழிச்சேன். லைன்ல நான் ஒரு பீஸ ஒதுக்கிட்டா அரச்சிடுவாங்க. நல்ல பீஸ ஒதுக்கிட்டா அது திரும்பி வராது. அதனாலதான் ஒதுக்கறதுக்கு மின்ன ரெண்டு வாட்டி பாப்பேன். உன் போட்டோவ மூணு வாட்டி பாத்தேன், தெரியுமா?"

தெரியும். பஸ்ஸில் அவள் மூன்றாவது தடவை பார்த்ததை நான் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் அப்படிப் பார்க்கிறாள் என்று அப்போது நினைத்தேன். எதையாவது காப்பாற்ற முடியுமா என்றுதான் பார்த்திருக்கிறாள்.

அவள் எழுந்து துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துத் திரும்பி நடந்தேன். தெருமுனையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏய், உன் போன காட்டு."

கொடுத்தேன். கேமராவின் கண்ணாடியை வானத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்த்தாள். "தொடச்சிட்ட. வா, போலாம். புதங்கெழமைக்கு உனக்கு ஒன்னு வோணும் இல்ல?"

"நான் குடுக்கல. போட்டியே வேண்டாம்."

"நீ குட்க்காம வுட்டா என் போட்டோ திரும்பி வந்துடுமா? ரெண்டு பேரும் வெறுங்கையோட நிக்கறதுக்கா?"

"எம் மேல கோவம் இல்லியா?"

"கோவம் கீது. அது ஒரு பக்கம் இர்க்கட்டும், வா."

இத்தனை வருடத்தில் என்னை யார் யாரோ மன்னித்திருக்கிறார்கள். கோபத்தை மறைக்காமல், அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு என்னோடு நடந்து வந்தவள் அவள் ஒருத்திதான்.

ரோட்டோரம் மண்டிக் கிடந்த எருக்கஞ்செடியிடம் கூட்டிக்கொண்டு போனாள். நான் முகம் சுளித்தேன். காலண்டருக்கு எருக்கம்பூவா! "ரோஜாவும் செம்பருத்தியும் வரிசை கட்டி வரும். இத எவன் எடுப்பான்? இப்பதான் உன் கண்ணாடி சுத்தமா கீது. சின்னதா கீறத எடு" என்றாள். குனிந்து, முட்டி போட்டு, சேற்றில் உட்கார்ந்து எடுத்தேன். ஒவ்வொன்றையும் அங்கேயே வாங்கிப் பார்த்தாள். "இது ஆடிட்ச்சு." "இதுல பூவக் காணோம், தண்டு தான் கீது." "பின்னாடி குப்ப தெரிது, அந்தப் பக்கம் போ." நாற்பது படமாவது இருக்கும். எரிச்சலாக வந்தது, ஆனால் அந்த எரிச்சலோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. என் படத்தை ஒருத்தி உண்மையாகப் பார்க்கிறாள் என்கிற சந்தோஷம். கடைசியில் ஒன்றில் நிறுத்தினாள். மெழுகில் செய்தது போன்ற எருக்கம்பூவின் கிரீடத்தின் மேல் ஒரு எறும்பு, மீசை வரைக்கும் தெளிவாக. "இத வை" என்றாள்.

அவளுடைய படத்தை மீட்க என்னென்னவோ செய்து பார்த்தோம். திங்கட்கிழமை செல்போன் கடைக்காரர், மெமரி கார்டில் இருந்திருந்தால் முயற்சி செய்யலாம், போனுக்குள்ளேயே இருந்தது போனது போனதுதான் என்று கையை விரித்துவிட்டார். அன்று சாயங்காலம் வேலிக்குப் போனோம், கொட்டுகிற மழை. செவ்வாய்க்கிழமையும் நான் ஹாஸ்டலுக்குப் போகாமல் அவளோடு வல்லக்கோட்டையில் இறங்கிவிட்டேன். பூ இருந்தது, கருநீல வானம் இருந்தது, பஸ்ஸும் வந்தது. அவள் எடுத்தாள். எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "இப்ப சொல்லு."

அதைப் போல ஒரு கேள்விக்கு நான் அதுவரை பதில் சொன்னதில்லை. நல்லாருக்கு என்று சொல்ல நாக்கு துடித்தது, அவளைச் சமாதானப்படுத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அத மாதிரி இல்லட்டி. லைட்டு ரெண்டும் பூவுக்குப் பின்னாடி மறைஞ்சிட்டு. அந்தத் துளியும் இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நீ சொல்றியான்னு பாத்தேன்." பிறகு என் தோளில் கைபோட்டுக்கொண்டாள். அந்தப் படத்தைத்தான் மறுநாள் கொடுத்தாள்.

டிசம்பர் கடைசியில் கேன்டீனில் காலண்டர் கொடுத்தார்கள். ஜூலை மாதத்தில் எருக்கம்பூ, கீழே என் பெயர். அவள் படம் எந்த மாதத்திலும் இல்லை. சந்தோஷப்படவும் முடியாமல், படாமல் இருக்கவும் முடியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் என் கையிலிருந்த காலண்டரைப் பிடுங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். அந்த வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழே ஜூலையை விரித்து, இடது பக்கம் சாய்த்தாள், வலது பக்கம் சாய்த்தாள், கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். லைனில் இருந்த எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓகே" என்றாள்.

அவள் ஓகே சொன்னால் அது ஓகேதான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதம் எனக்கு அள்ளி அள்ளிக் கிடைத்த பாராட்டு எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. லைன் என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். சூப்பர்வைசர் வந்து நம்பரைச் சொல்லிக் கூப்பிடுகிற வரை அழுதேன்.

அடுத்த வருடமே, டிரெயினி என்று எடுத்திருந்த காலம் முடிந்ததும் என்னை அனுப்பிவிட்டார்கள். இப்போது நான் ராஜபாளையத்தில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். அவள் கல்யாணமாகி மணிமங்கலத்துக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் எடுத்த பூவை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். நல்லாருக்கு, நல்லால்ல, இரண்டில் எதுவானாலும் காரணத்தோடு பதில் வரும். என் பெரியவள் ஒரு படம் வரைந்துகொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மூன்று தடவை பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன். இது அவள் கொடுத்தது. அவளுக்கு நன்றி சொன்னால், "போடி, வேல இல்ல உனக்கு" என்பாள்.

ஆனால் அந்தப் பீர்க்கம்பூவை அவளும் நானும் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. நாம் எடுத்தது நமக்கு எப்போதும் நல்லாத்தான் தெரியும் என்று சொல்லி, அவள் தன் சாட்சியை அன்றைக்கே பஸ்ஸில் விட்டுக்கொடுத்துவிட்டதால், அது எவ்வளவு நல்ல படம் என்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான், அதனால் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.